பிஎஸ்-6 வண்டியில் மைலேஜ் ஏன் கூடவில்லை, டிரெய்லருக்கு ஏன் விதி இல்லை?

சங்ககிரியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பா காலத்து பிஎஸ்-3 (பிஎஸ் என்பது பாரத் ஸ்டேஜ், வண்டிப் புகைக்கு அரசு வைத்த வரம்பு) லாரி லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுத்தது, இப்போது கடன் போட்டு வாங்கிய பிஎஸ்-6 டிரெய்லர் வண்டி மூன்றரையைத் தாண்ட மாட்டேன் என்கிறது, கூடவே யூரியா வேறு ஊற்ற வேண்டியிருக்கிறது. அரசு இத்தனை விதி போட்டும் டீசல் மிச்சமாகவில்லையே, மைலேஜுக்கென்று விதியே கிடையாதா, அமெரிக்காவில் டிரெய்லருக்குக்கூட விதி உண்டு என்கிறார்களே என்பது கேள்வி. கேட்டவிதம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது மூன்று கேள்விகள்: புகையைக் குறைக்கும் சட்டம் டீசலையும் குறைக்குமா, டீசலைக் குறைக்கத் தனிச் சட்டம் உண்டா, இழுக்கிற வண்டிக்குப் போடும் சட்டம் பின்னால் வருகிற டிரெய்லரைத் தொடுமா. முதலாவதுக்கு, அப்படி ஒரு கட்டாயம் இல்லை என்பது பதில். இரண்டாவதுக்கு, உண்டு, ஆனால் மெலிந்தது. மூன்றாவதுக்கு, நம் நாட்டில் இன்னும் இல்லை.

நான் டீசல் இன்ஜின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன். பிறகு பல ஆண்டுகளாக லாரி வைத்திருப்பவர்களுக்கு டீசல் கணக்குப் பார்த்துச் சொல்லி வருகிறேன். அதனால் இன்ஜின், புகை, டயர் பற்றி உறுதியாகப் பேசுவேன். சட்டம் இனி எந்தப் பக்கம் போகும் என்பதில் நான் சொல்வதை என் கணிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிஎஸ் விதி விஷத்தைக் குறைக்க வந்த விதி. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-4, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6. நடுவில் பிஎஸ்-5ஐத் தாண்டிக் குதித்துவிட்டோம். கனரக இன்ஜின் ஒரு கிலோவாட்-மணி வேலை செய்தால் பிஎஸ்-4ல் 3.5 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம். பிஎஸ்-6ல் அது 0.46 கிராம். கரித்துகளின் எடைக்கு வரம்பு ஏற்கெனவே இருந்தது. இப்போது துகள்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. இது சாதாரண இறக்கம் இல்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ல் உறுதிப்படுத்தியது. சுங்கச்சாவடியிலும் லோடு ஏற்றும் இடத்திலும் அந்தப் புகையை முதலில் இழுப்பவர்கள் டிரைவரும் கிளீனரும்தான். ஆகவே பிஎஸ்-6 வேண்டியதுதானா என்ற கேள்விக்கு என்னிடம் தயக்கமே கிடையாது.

ஆனால் அந்த அலகைக் கவனியுங்கள். கிலோவாட்-மணிக்கு இத்தனை கிராம். அதில் கிலோமீட்டரும் இல்லை, லிட்டரும் இல்லை, லோடும் இல்லை. இன்ஜினை வண்டியிலிருந்து தனியே எடுத்து, சோதனைக்கூட மேடையில் பொருத்தி, பூட்டி ஓட்டி அளக்கிறோம். அது எந்தச் சேசிஸில் உட்காரும், என்ன பாடி கட்டுவார்கள், எந்த டயரில் ஓடும் என்பதெல்லாம் அந்த அறைக்குள் வருவதே இல்லை. எனவே பிஎஸ்-6 என்ற முத்திரை உங்கள் மைலேஜைப் பற்றி எதையும் உறுதி சொல்லவில்லை.

இதற்கும் மேலே, நைட்ரஜன் ஆக்சைடுக்கும் டீசல் செலவுக்கும் இயல்பாகவே ஒரு இழுபறி உண்டு. சிலிண்டருக்குள் எரிதல் எவ்வளவு சூடாக நடக்கிறதோ அவ்வளவுக்கு டீசலிலிருந்து வேலை கிடைக்கும். அதே சூட்டில்தான் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து இந்த விஷ வாயு உண்டாகும். சூட்டைக் குறைத்தால் வாயு குறையும், கரி கூடும், டீசலும் கொஞ்சம் கூடும். இதைச் சமாளிக்க இரண்டு வழி. வெளியே போகும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விட்டு எரிதலைக் குளிரவைப்பது ஒன்று, அதுதான் ஈ.ஜி.ஆர். இன்ஜினைச் சூடாகவே எரியவிட்டு, சைலன்சர் பக்கத்தில் யூரியா கரைசலைத் தெளித்து விஷ வாயுவை நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றுவது இன்னொன்று, அது எஸ்.சி.ஆர். பிஎஸ்-4 காலத்தில் அசோக் லேலண்ட் பெரும்பாலும் முதல் வழியில் போனது, டாடா இரண்டாவது வழியில் போனது. பிஎஸ்-6 வரம்புக்கு யூரியா வழி பெரிய வண்டிகளில் தவிர்க்க முடியாததாகிவிட்டது. கரிக்கு டி.பி.எஃப். என்ற வடிகட்டியும் வந்தது. டீசலில் கந்தகம் இருந்தால் இவை கெடும்; அதனால்தான் பிஎஸ்-6 வந்த அதே நாளில் டீசலிலும் கந்தகத்தை பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைத்தார்கள்.

இந்த இழுபறி எவ்வளவு வலுவானது என்பதற்கு அமெரிக்காவில் 1998ல் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஏழு டீசல் இன்ஜின் நிறுவனங்கள் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோல் பெட்டியின் மென்பொருளை ஒரு தந்திரத்தோடு எழுதியிருந்தன. சோதனை ஓட்டத்தில் இன்ஜின் விதிப்படி நடக்கும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓடும்போது டீசல் மிச்சப்படுத்தும் நிலைக்கு மாறி, நைட்ரஜன் ஆக்சைடை அள்ளி விடும். 8.34 கோடி டாலர் அபராதம் கட்டி சமரசம் செய்துகொண்டார்கள். அந்த ஏமாற்றின் பலன் லாரிக்காரருக்கு மைலேஜாகத்தான் போய்ச் சேர்ந்தது. விஷத்துக்கு மட்டும் விதி போட்டு மைலேஜைச் சந்தையிடம் விட்டால் நெருக்கடி எந்தப் பக்கம் தள்ளும் என்பதை அதில் பார்க்கலாம்.

சரி, உங்கள் வண்டியில் யூரியா மைலேஜைத் தின்கிறதா? இல்லை. யூரியா இருப்பதால்தான் இன்ஜினைச் சிக்கனமாக எரியும்படி அமைக்க முடிகிறது. டீசல் அளவில் நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பங்கு யூரியா போகலாம்; அந்தச் செலவு உண்மை. டீசலைத் தின்னக்கூடியது டி.பி.எஃப். அதில் கரி நிரம்பினால் கூடுதல் டீசல் விட்டு 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். நெடுஞ்சாலையில் லோடோடு ஓடும் வண்டிக்கு இது பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும். துறைமுக வாசலில் வரிசையில் நின்று நின்று நகரும் வண்டிக்கும், சிமெண்ட் ஆலைக்கும் குடோனுக்கும் இடையே குட்டி நடை அடிக்கும் வண்டிக்கும் அடிக்கடி நடக்கும். எந்த ஓட்டம் என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் பழியை வடிகட்டி மேல் போட மாட்டேன்.

யூரியாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சட்டம் நம் ஊரில் ஓட்டையாவது இங்கேதான். டெஃப் என்று விற்கும் திரவம் 32.5 சதவீத யூரியா, மீதி கனிமம் நீக்கிய தண்ணீர். கேனில் வாங்கினால் விலை என்று சொல்லி, வயலுக்குப் போடும் யூரியாவை வாங்கித் தண்ணீரில் கரைத்து விற்பவர்கள் உண்டு. 2015 முதல் நம் நாட்டில் வயல் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வருகிறது. அந்த எண்ணெயும், உரத்திலுள்ள மற்ற அழுக்கும், சாதாரணத் தண்ணீரின் உப்பும் சேர்ந்து என்ன செய்யும் என்று கழற்றிப் பார்த்தால் தெரியும். தெளிக்கும் நாசிலின் வாயில் வெள்ளையாக, கல் உப்பு மாதிரி கெட்டித்துப் போயிருக்கும். கம்பியால் சுரண்டினாலும் சுலபத்தில் வராது. தெளிப்பு நின்றதும் சென்சார் அதைக் கண்டுபிடிக்கும், செக் லைட் எரியும், முதலில் வண்டி இழுவை குறையும், அப்படியே ஓட்டினால் ஊர்ந்து போகும் வேகத்துக்கு வந்துவிடும். பாதி வழியில் லோடோடு அப்படி நின்றவருக்கு அடுத்த பட்டறையில் ஒரு ஆலோசனை கிடைக்கும்: சின்னப் பெட்டி ஒன்றை மாட்டினால் எல்லாம் சரியாக இருப்பதாக கண்ட்ரோல் பெட்டியை நம்பவைக்கலாம், யூரியாவே ஊற்ற வேண்டாம். ஊற்றாமல் சூடாக எரியும் அந்த இன்ஜின் விடும் நைட்ரஜன் ஆக்சைடு பழைய பிஎஸ்-4 வண்டியைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இதைப் பிடிக்க வேண்டியது புகைச் சான்று. ஆனால் டீசல் வண்டிக்குப் புகைச் சான்றில் அளப்பது புகையின் கருமையை மட்டும்தான். குழாயில் கம்பியைச் செருகி, நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, ஒளி எவ்வளவு மறைகிறது என்று பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடு அந்தக் கருவியின் கண்ணில் படவே படாது. யூரியாவை நிறுத்திய வண்டியும் தாராளமாகச் சான்று வாங்கிவிடும், எஃப்.சி. என்ற தகுதிச் சான்றும் முடிந்துவிடும். 2023 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 இரண்டாம் கட்டம், வண்டியிலேயே கருவியைப் பொருத்திச் சாலையில் ஓட்டி அளக்கச் சொல்கிறது. நல்ல மாற்றம். ஆனால் அந்தக் கடமை நிறுவனத்துடையது. பட்டறையில் பெட்டி மாட்டிய தனி வண்டியை அது தேடிப் போகாது. நெடுஞ்சாலை ஓரத்தில் கருவி வைத்துக் கடந்து போகும் வண்டிகளின் வாயுவை அளக்கும் தொழில்நுட்பம் இருக்கிறது. இந்தியாவில் கனரக வண்டிக்கு இன்று ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் நான் கேட்பது இதைத்தான், இன்னும் கடுமையான பிஎஸ்-7ஐ இல்லை. நாசில் அடைத்த ஒரு வண்டி, வரம்பில் வந்த மொத்த முன்னேற்றத்தையும் ஒரே நாளில் அழித்துவிடுகிறது.

இனி மைலேஜுக்கான சட்டம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு 12 டன்னும் அதற்கு மேலும் உள்ள லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் எரிபொருள் நுகர்வு வரம்பை அறிவித்தது. முதல் கட்டம் 2018 ஏப்ரல் முதல், இரண்டாம் கட்டம் 2021 ஏப்ரல் முதல் என்று எழுதினார்கள். மோட்டார் வாகன விதிகளுக்குள் இந்த வகை வண்டிகளைக் கொண்டுவரும் அறிவிக்கையோ 2022ல்தான் வந்தது, 2023 ஏப்ரல் 1 என்று தேதி போட்டு. அளக்கும் முறைதான் எனக்குப் பெரிய குறை. சோதனைத் தடத்தில் லாரியை மணிக்கு 40 கிலோமீட்டரிலும் 60 கிலோமீட்டரிலும் மாறாத வேகத்தில் ஓட்டி, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று பார்க்கிறார்கள். தொப்பூர் கணவாயில் கியர் மாற்றி ஏறும் வண்டியும், வாளையாறு சோதனைச் சாவடியில் நின்று கிளம்பும் வண்டியும் இந்த எண்ணுக்குள் இல்லை. லாரியின் வாழ்க்கையே வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான். அதைக் கழித்துவிட்டு அளந்தால் கியர்பாக்ஸிலும் இன்ஜின் அமைப்பிலும் செய்யும் நல்ல வேலைக்கு மதிப்பெண் கிடைக்காது. ஐரோப்பாவில் வெக்டோ என்றும் அமெரிக்காவில் ஜெம் என்றும் கணினி மாதிரிகள் வைத்திருக்கிறார்கள். இன்ஜின், கியர், டயர், காற்றுத்தடை ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து உள்ளே கொடுத்தால், ஒரு நிஜமான பாதையில் லோடோடு எவ்வளவு குடிக்கும் என்று கணக்கிட்டுச் சொல்லும். ஆயிரம் விதமாகச் சேரும் கனரக வண்டிகளை ஒவ்வொன்றாகத் தடத்தில் ஓட்டிப் பார்க்க முடியாது என்பதால், நாமும் அந்த வழிக்கு வந்தாக வேண்டும்.

டிரெய்லர் கதைக்கு வருகிறேன். நீங்கள் கேள்விப்பட்டது பாதி சரி. அமெரிக்கா 2011ல் கனரக வண்டிகளுக்கு முதல் கட்ட எரிபொருள் விதியைக் கொண்டுவந்தது. 2016ல் இரண்டாம் கட்டத்தில் முதல்முறையாக டிரெய்லரையும் சேர்த்தார்கள். அங்கே நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள், 53 அடி நீளப் பெட்டி டிரெய்லர். அதன் பக்கவாட்டில் சக்கரங்களுக்கு நடுவே தகடு மாட்டுவது, பின்பக்கம் காற்று சுழலாமல் மடிப்பு வைப்பது, உருளும் தடை (டயர் உருளும்போது வண்டியைப் பின்னிழுக்கும் விசை) குறைந்த டயர், தானாகக் காற்று நிரப்பும் அமைப்பு ஆகியவற்றை வைத்து டிரெய்லர் செய்பவர் வரம்பை எட்ட வேண்டும் என்றார்கள். டிரெய்லர் தயாரிப்பாளர் சங்கம் நீதிமன்றம் போனது. 2017லேயே இடைக்காலத் தடை. 2021 நவம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பகுதியை ரத்தே செய்துவிட்டது. தூய காற்றுச் சட்டம் தானாக நகரும் வாகனத்துக்குத்தான் அதிகாரம் தருகிறது, டிரெய்லருக்கு மோட்டார் இல்லை, அது டீசல் எரிப்பதும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். ஆக, அமெரிக்க மத்திய அரசின் டிரெய்லர் விதி நடைமுறைக்கே வரவில்லை. கலிபோர்னியா மட்டும் முன்பே, 2008ல், வேறு வாசல் வழியாகப் போயிருந்தது: செய்பவரை விட்டுவிட்டு, தன் மாநிலச் சாலையில் 53 அடி பெட்டி டிரெய்லரை ஓட்டுபவருக்கே கடமை வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் திருத்திய விதியில் இதற்குச் சட்டத்திலேயே தெளிவாக இடம் கொடுத்திருக்கிறது. 2030 முதல் செமி டிரெய்லருக்கு 10 சதவீதமும் மற்ற டிரெய்லருக்கு 7.5 சதவீதமும் குறைக்க வேண்டும்.

அதே தகடுகளை நம் டிரெய்லரில் மாட்டினால் அதே பலன் வருமா? என் கணக்கில் வராது. 40 டன் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, ஓரளவு நல்ல ரேடியல் டயரில், உருளும் தடை தோராயமாக 2,700 நியூட்டன். காற்றுத்தடை 1,000 நியூட்டன் அளவு. அதாவது காற்றின் பங்கு கால்வாசியைச் சற்றுத் தாண்டும். அமெரிக்க நெடுஞ்சாலை வேகமான 105க்குப் போனால் காற்றுத்தடை மட்டும் மூன்று மடங்காகி 3,000 நியூட்டனைத் தாண்டும். பாதிக்கு மேல் காற்றுதான். நம் ஊரில் சரக்கு வண்டிக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80 கிலோமீட்டரில் நிறுத்துகிறது, சராசரி வேகம் அதற்கும் கீழே. அதோடு நம்முடையவை பெரும்பாலும் பெட்டி டிரெய்லர்களும் இல்லை, தார்ப்பாய் கட்டிய திறந்த பாடியும் தட்டை டிரெய்லரும் சிமெண்ட் போன்ற தூளை ஏற்றும் பல்க்கரும்தான். எனவே இங்கே டயரும், டிரெய்லரின் சொந்த எடையும் முதலில் வருகின்றன. எக்ஸ்பிரஸ்வேக்கள் கூடக் கூட காற்றின் பங்கு உயரும். எத்தனை வேகமாக என்பதை இப்போதே அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் நம் விதியின் பெரிய இடைவெளி தெரிகிறது. நிறுவனம் சேசிஸை அங்கீகாரம் வாங்கி விற்கிறது. அதன் பிறகு பாடி கட்டுவது நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் உள்ள பட்டறைகளில். எத்தனை கிலோ இரும்பு, எவ்வளவு உயரம், கேபினுக்கு மேலே என்ன கேரியர் என்று அங்கே முடிவாகிறது. டிரெய்லர் இன்னொரு இடத்தில் செய்யப்படுகிறது. செய்தவருக்குப் பாதுகாப்பு விதிகள் உண்டு, டீசலைப் பற்றி எந்தக் கடமையும் இல்லை. மொத்த எடைக்கு வரம்பு இருப்பதால், பாடியில் ஒரு டன் இரும்பைக் குறைத்தால் ஒரு டன் சரக்கு கூடுதலாக ஏற்றலாம், ஒவ்வொரு நடைக்கும். டயருக்காவது 2022ல் உருளும் தடைக்குத் தரம் அறிவித்தார்கள், லாரி டயர் உட்பட. அது சரியான இடத்தில் கைவைத்த விதி. ஆனால் ரீட்ரெட் செய்து, அதாவது தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டிப் போடும் டயர் அதன் பிடிக்குள் அப்படியே வந்துவிடாது, நம் டிரெய்லர்களின் பின் ஆக்சில்களில் ஓடுவது பெரும்பாலும் அதுதான்.

இப்போது உங்கள் நாலரைக்கும் மூன்றரைக்கும் வருவோம். பழைய லாரியில் 16 டன் சரக்கு, இன்றைய வண்டியில் 25 டன் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டருக்குப் பழையது 22.2 லிட்டர், புதியது 28.6 லிட்டர். ஒரு டன்னை 100 கிலோமீட்டர் கொண்டுபோகப் பழையது 1.39 லிட்டர், புதியது 1.14 லிட்டர். மைலேஜ் குறைந்த வண்டிதான் டீசலை மிச்சப்படுத்தியிருக்கிறது, 18 சதவீதம். அதனால்தான் விதியும் கிலோமீட்டருக்கு இத்தனை என்று இல்லாமல் டன்-கிலோமீட்டருக்கு இத்தனை என்று இருக்க வேண்டும் என்கிறோம். 2018 ஜூலையில் ஆக்சில் எடை வரம்பை உயர்த்தினார்கள். பெரிய டிரெய்லர் வண்டிக்கு மொத்த எடை 49 டன்னிலிருந்து 55 டன் ஆனது. சாலைக்கும் பிரேக்குக்கும் அது நல்லதா என்பது தனி வாதம், எனக்கும் அதில் கவலை உண்டு. ஒரு டன் சரக்குக்கு ஆகும் டீசலைக் குறைத்ததில், அந்த ஒரு தாள் பல இன்ஜின் மாற்றங்களுக்குச் சமம். ஆனால் எம்ப்டியாகத் திரும்பினால் இந்தக் கணக்கு முழுக்கக் கவிழும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய வண்டியின் காலி ஓட்டம் சின்ன வண்டியுடையதைவிட அதிகம் குடிக்கும்.

உங்கள் வண்டியில் ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று சொல்ல எனக்கு மூன்று விவரம் வேண்டும். லோடோடு போன நடைக்கும் எம்ப்டியாக வந்த நடைக்கும் டேங்க் நிரப்பித் தனித்தனியே எடுத்த டீசல் கணக்கு. காலையில் வண்டி கிளம்பும் முன், டயர் சூடேறாதபோது ஒவ்வொரு ஆக்சிலிலும் பிடித்த காற்று அளவு, டிரெய்லர் ஆக்சில் உட்பட. டி.பி.எஃப். சுத்தம் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை நடக்கிறது என்பது. சர்வீஸ் சென்டரில் கருவியைச் செருகினால் எடுத்துக் கொடுப்பார்கள். யூரியாவைச் சீல் உள்ள கேனிலோ பங்க்கிலோ மட்டும் வாங்குங்கள், யூரியா ஊற்றாமலே கண்ட்ரோல் பெட்டியை ஏமாற்றும் அந்தச் சின்னப் பெட்டியை மாட்டச் சொன்னால் மாட்டாதீர்கள். விவரங்கள் வந்ததும் இதே இடத்தில் எழுதுகிறேன்.